மீனின் வயிற்றுச் செட்டைகளும் கண்மாய் மீன் வளர்ப்பும்

செட்டிநாட்டுப் பகுதியில் ஊருணி இல்லாத ஊரைக் காண்பது அரிது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவும் காரைக்குடிப் பக்கத்தில் இல்லாமையால், ஐப்பசி கார்த்திகை மாதங்களில் வானம் அளிப்பதை ஊருணியிலும் கண்மாயிலும் தேக்கி வைத்தே இப்பகுதியார் குடிக்கவும் பயிரிடவும் பழகினர். அவ்வாறு தேங்கிய நீரில் மீனும் தானே பெருகுவது இயற்கை. மழைக்கால வெள்ளத்தின் செம்மண் கலங்கல் தை மாதத்தில் அடியிற் படிந்து நீர் தெளிந்த பின்னர், உச்சிப்பொழுதில் ஊருணிப் படிக்கட்டில் சற்று நேரம் அசையாது அமர்ந்து பார்ப்பவருக்கு, கெண்டை மீன்கள் கூட்டமாக நீருள் நிற்பதும் நகர்வதும் நன்றாகப் புலப்படும்.

மீன் வாலினால் நீந்துகிறது என்பதே பொதுவான எண்ணம். விரைந்து செல்லும் மீனைப் பொறுத்த மட்டில் இது சரியே. ஆனால் மீன் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை விரைந்து செல்வதிற் கழிப்பதில்லை. ஓரிடத்தில் நிற்பதும், மெதுவாக நகர்வதும், இரைக்கு முன் சட்டென்று நிற்பதும், பின்வாங்குவதும், திரும்புவதுமே அதன் அன்றாட வேலைகள். இவற்றைச் செய்கையில் வாலைக்காட்டிலும் மற்றச் செட்டைகளே அதிகம் உழைக்கின்றன. அவற்றுள் யாவராலும் கவனிக்கப்படாது போவது வயிற்றுச் செட்டை இணையாகும்.

மீனுக்கு இணையாக அமைந்த செட்டைகள் இரண்டு வகை. செவுள் மூடிக்குப் பின்னால் இருபுறமும் இருப்பவை மார்புச் செட்டைகள். அவற்றுக்குக் கீழோ பின்னோ வயிற்றுப் புறத்தில் இருப்பவை வயிற்றுச் செட்டைகள். இவற்றை இடுப்புச் செட்டைகள் என்றும் கூறுவர். முதுகுச் செட்டை, குதச் செட்டை, வாற்செட்டை ஆகியவை தனித்தனியானவை. உழவு மாட்டின் முன்னங்கால்கள் மார்புச் செட்டைகளுக்கும், பின்னங்கால்கள் வயிற்றுச் செட்டைகளுக்கும் ஒப்பானவை என்பது உயிரியல் வல்லுநர் முடிவு. எனினும் மாட்டின் இடுப்பெலும்பு முதுகெலும்போடு பிணைந்து பாரம் தாங்குவது போல மீனின் இடுப்பெலும்பு பிணைக்கப்படவில்லை. அது வயிற்றுத் தசையில் பதிந்து கிடக்கும் ஒரு சிறு தகடு மாத்திரமே. அதனின்று விரியும் நரம்புகளைச் சிறு தசைகள் விரிக்கவும் மடக்கவும் முன்னும் பின்னும் திருப்பவும் செய்கின்றன.

இச்செட்டைகள் எல்லா மீன்களிலும் ஒரே இடத்தில் இல்லை. ரோகு, கட்லா, மிர்கால் ஆகிய பெருங்கெண்டைகளிலும் ஊருணிச் சிறு கெண்டைகளிலும் அவை வயிற்றின் நடுப்பகுதியில், மார்புச் செட்டைக்கு வெகு பின்னால் உள்ளன. ஜிலேபிக் கெண்டை, பனையேறி முதலியவற்றில் அவை முன்னேறி மார்புச் செட்டைக்கு நேர் கீழே வந்துவிடுகின்றன. அங்கே இடுப்பெலும்பும் தோள் எலும்போடு இணைந்து உறுதி பெறுகிறது. இவ்வகை மீன்களில் ஒவ்வொரு வயிற்றுச் செட்டையிலும் ஒரு முள்ளும் ஐந்து மென்னரம்புகளும் இருக்கும். ரோகு மீனில் முள் இல்லை. சாதாரணமாக ஒன்பது நரம்புகள் உண்டு. மீனைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்க்கும் எவரும் இவ்வேறுபாட்டை அரை நிமிஷத்தில் கண்டுகொள்ளலாம்.

இச்செட்டைகளின் தேவை ஒரு விஷயத்தை யோசித்தால் விளங்கும். செத்த மீன் வயிறு மேலாக மிதப்பதைக் காணாத குடியானவர் இல்லை. வயிற்றில் வாயு சேர்வது அதற்கு ஒரு காரணமாயினும் அது மாத்திரமே காரணமன்று. உயிருள்ள மீனை மருந்தினால் மயக்கினாலும் அது கவிழ்ந்து விடுகிறது. பெரும்பாலான மீன்களில் காற்றுப்பைக்கு மேலே முதுகெலும்பும் கனத்த தசையும் அமைந்திருப்பதால், நெல் மூட்டையை மிக உயரமாக அடுக்கிய வண்டி போல மீனின் உடல் எப்போதும் சாயும் நிலையிலேயே இருக்கிறது. அது நேராக நிற்பது ஓய்வு அன்று, இடைவிடாத வேலை. நீரில் அசையாமல் நிற்பதாகத் தோன்றும் கெண்டையைக் கூர்ந்து நோக்கினால், அதன் செட்டைகளின் ஓரங்கள் ஓயாது மெல்ல அலைவது தெரியும்.

வயிற்றுச் செட்டையின் வேலையைச் சோதனை மூலம் ஆராய்ந்தவர்களுள் முன்னோடி ஹாரிஸ் என்னும் விஞ்ஞானி. மீன்களின் சமநிலையில் செட்டைகளுக்குள்ள பங்கைப் பற்றி 1936 இலும் 1938 இலும் அவர் கட்டுரைகள் வெளியிட்டார். மார்புச் செட்டைகளை இருபுறமும் விரித்து மீன் தன் வேகத்தைத் தடுக்கிறது. ஓடத்தை நிறுத்தத் துடுப்பைக் குறுக்கே பிடிப்பது போன்ற செயல் இது. ஆனால் அவ்வாறு செய்கையில் உடல் மேலே எழ முயலும். அப்போது வயிற்றுச் செட்டைகள் கீழே விரிந்து அந்த எழுச்சியைச் சமன் செய்கின்றன. வயிற்றுச் செட்டைகள் நீக்கப்பட்ட மீன் நிற்க முயலும் போதெல்லாம் இருந்த மட்டத்தை விட்டு மேலே எழும்பி விடுவது சோதனையில் காணப்பட்டது. இரைக்கு நேர் எதிரே நிற்க முடியாத மீன் இரையைத் தவற விடும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆயினும் நேராக நீந்தும் வேளையில் இச்செட்டைகள் படகின் அடிக்கட்டை போல் சும்மா கிடக்கின்றன என்ற கருத்தே பிற்காலம் வரையில் நிலவியது. கண்ணுக்குப் புலப்படாத வேகத்தில் அசைபவற்றைப் பதிவு செய்யும் அதிவேகக் காமிராக்கள் வந்த பின்னர் இக்கருத்து மாறிற்று. எமிலி ஸ்டாண்டன் என்ற ஆராய்ச்சியாளர், வானவில் ட்ரௌட் மீனை ஓடும் நீரில் நீந்தவிட்டுப் படம் பிடித்து, 2008 இல் முடிவுகளை வெளியிட்டார். மெதுவாக நீந்துகையில் அம்மீனின் இடது, வலது வயிற்றுச் செட்டைகள் மாறி மாறி வெளியே விரிந்து உள்ளே மடங்குவதை அவர் கண்டார். 2010 இல் வெளியான அவரது அடுத்த ஆராய்ச்சி, செட்டைத் தசைகளின் இயக்கத்தையே அளந்து, நீரின் போக்கினால் செட்டை தானே ஆடுவதன்று, மீனே அதை ஆட்டுகிறது என்பதைக் காட்டியது. இந்த ட்ரௌட் தமிழ்நாட்டுக்கு முற்றிலும் அந்நியமானதன்று. நீலகிரியில் அவலாஞ்சியில் 1907 இல் அமைக்கப்பட்ட குஞ்சு பொரிப்பகத்தின் மூலம் அம்மலை ஓடைகளிற் குடியேற்றப்பட்ட மீன் இதுவே.

திரும்பும் போது மீன் இரு செட்டைகளையும் ஒரே விதமாகப் பயன்படுத்துவதில்லை. திரும்பும் பக்கத்துச் செட்டைக்கு ஒரு வேலை, மறுபக்கத்ததற்கு வேறு வேலை. வேகம் கூடக் கூட இரண்டையும் உடலோடு ஒட்டி மடக்கிக் கொண்டு, வேலையை வாலிடம் ஒப்படைத்து விடுகிறது.

இனி நம் கண்மாய்களில் உள்ள மீன்களைப் பார்ப்போம். ஆரலுக்கும் விலாங்குக்கும் வயிற்றுச் செட்டை அறவே கிடையாது. சேற்றில் நுழைந்து வாழும் உடலுக்கு அது இடையூறேயன்றி உதவியன்று. விராலுக்கு அது உண்டு, ஆயினும் சிறியது. பாசிக்கிடையில் பதுங்கி நின்று முழு உடலையும் வளைத்து ஒரே பாய்ச்சலில் இரையைப் பற்றும் மீனுக்கு அவ்வளவே போதும் போலும். அயிரை மணலோடு மணலாகக் கிடப்பது. அதன் அருமை மதுரை, சிவகங்கைப் பக்கத்துச் சமையலறைகளில் நன்கு தெரியும் என்பதால் இங்கு விரிக்கவில்லை.

பனையேறியைப் பற்றி ஒரு பழைய செய்தி உண்டு. தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்களின் சேவையில் இருந்த டால்டார்ப் என்ற அதிகாரி, இம்மீன் பனைமரத்தின் பிளவில் ஏறிக்கொண்டிருக்கக் கண்டதாக 1791 ஆம் ஆண்டு நிகழ்ச்சியைக் குறித்து எழுதினார். லண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் 1797 இல் அது அச்சாயிற்று. அது முதல் உலகெங்கும் இம்மீனுக்கு ஏறும் மீன் என்ற பெயர் நிலைத்தது. உண்மையில் அது தரையில் நகர்வது பெரும்பாலும் செவுள் மூடியின் முட்களை ஊன்றி, வாலால் உந்தியேயாகும். வயிற்றுச் செட்டைக்கு அதிற் பெரும் பங்கு இல்லை. பின் உறுப்புகளை ஊன்றி நடக்கும் மீனைக் காண வேண்டுமானால் ஆப்பிரிக்காவுக்குச் செல்ல வேண்டும். அங்குள்ள நுரையீரல் மீன் கயிறு போன்ற தன் வயிற்றுச் செட்டைகளைத் தரையில் மாறி மாறி ஊன்றி நடப்பதைச் சிக்காகோ சர்வகலாசாலையைச் சேர்ந்தோர் 2011 இல் விவரித்தனர்.

கலிங்கைக் கவனிப்பவர்களுக்கு மிகவும் பழக்கமானது உளுவை. மழைக்காலத்தில் கண்மாய் நிரம்பி வழியும் போது மற்ற மீன்கள் நீரோடு அடித்துச் செல்லப்படும் இடத்திலும், உளுவை கற்களை ஒட்டிப் பிடித்து நிற்கும். அதைப் பிடித்துப் புரட்டினால் காரணம் தெரியும். மற்ற மீன்களில் தனித்தனியாக உள்ள இரு வயிற்றுச் செட்டைகளும் உளுவையில் ஒன்றாகக் கூடி, கவிழ்த்த சிறு கிண்ணம் போல் ஆகியிருக்கின்றன. அதைக் கல்லின் மேல் அழுத்தி ஒட்டிக் கொள்கிறது. நீரின் இழுப்புச் சற்றுத் தணிந்ததும் பிடியை விட்டு ஒரு சாண் முன்னேறி மறுபடியும் ஒட்டிக் கொள்ளும். கண்ணாடி ஜாடியில் ஓர் உளுவையை விட்டு வைத்தால், அது கண்ணாடிச் சுவரில் ஒட்டும் போது அந்தக் கிண்ணம் விரிவதைப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் காட்டலாம்.

இச்செட்டை நீந்துவதற்கன்றிப் பேசுவதற்கும் பயன்படுகிறது என்றால் நம்புவது கடினமாயிருக்கலாம். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் நன்னீரிலும் உப்பங்கழியிலும் வாழும் ஒரு சிறு மஞ்சள் மீன் உண்டு; மலையாளத்தார் பள்ளத்தி என்பர். கரிமீனுக்கு நெருங்கிய உறவுடையது. தாயும் தந்தையும் சேர்ந்தே குஞ்சுகளைக் காக்கும் இயல்பு இதற்குண்டு. ஆபத்து நெருங்கும் போது பெற்ற மீன்கள் கருநிறமான தம் வயிற்றுச் செட்டைகளைப் படபடவென்று விரித்து மடக்குகின்றன. உடனே சிதறியிருந்த குஞ்சுகள் வந்து கூடுகின்றன. கோழி சிறகை விரித்துக் குஞ்சுகளை அழைப்பதற்கு இதனை ஒப்பிடலாம். கோல், வார்ட் என்னும் இரு ஆராய்ச்சியாளர் 1969 இல் இச்சைகையைத் தனியே ஆராய்ந்து எழுதினர்.

இவையெல்லாம் வேடிக்கைச் செய்திகளாக மாத்திரம் கொள்ளத்தக்கவை அல்ல. கண்மாயின் மீன்பாசிக் குத்தகை எடுத்தவரும், சொந்தப் பண்ணைக்குட்டையில் மீன் வளர்ப்பவரும் செட்டையைப் பார்க்கக் கற்றிருந்தால் தவிர்க்கக் கூடிய நஷ்டம் கொஞ்சமன்று. 1957 ஜூலை 10 ஆம் தேதி ஹீராலால் சௌத்ரியும் அலிக்குஞ்ஞியும் ஒரிஸ்ஸாவில் ஊசி மூலம் பெருங்கெண்டைகளை முட்டையிடச் செய்ததில் வெற்றி கண்ட பின்னர், ஆற்றில் குஞ்சு திரட்டும் நிலை மாறி, வேண்டிய குஞ்சுகளைப் பண்ணையிலேயே பெற வழி பிறந்தது. ஆனால் பண்ணையிலிருந்து கண்மாய்க் கரை வரும் வரையில் குஞ்சு பலமுறை வலையில் அரிக்கப்படுகிறது, எண்ணப்படுகிறது, பையில் அடைக்கப்படுகிறது. கண்மாயில் விட்டவுடன் அவை நீருள் மறைந்துவிடுவதால் எத்தனை பிழைத்தன என்பதை மறு அறுவடை வரையில் எவரும் அறிவதில்லை. செட்டிநாட்டுக் கண்மாய்களில் பல சில மாதங்களே நீர் நிற்பவை. முதலில் விட்ட குஞ்சு மடிந்தது தெரிய வந்து மறுபடியும் விடலாம் என்றால், அதற்குள் பங்குனி வெயில் வந்துவிடும்.

ஆகையால் குஞ்சுகளை ஒப்புக் கொள்ளுமுன் அவற்றில் ஐம்பது அறுபதை ஒரு வாயகன்ற வெண்ணிறப் பாத்திரத்தில் நீருடன் எடுத்துக் கொள்ள வேண்டும். கையால் நீரை ஒரு பக்கமாகச் சுழற்றி விட்டால் நல்ல குஞ்சுகள் யாவும் சுழற்சிக்கு எதிராக நீந்தும். நலிந்தவை நடுவிற் குவிந்து சுழலும். இந்தச் சோதனை பலருக்கும் தெரியும். பெரும்பாலோர் இதோடு நிறுத்தி விடுகின்றனர். நீர் ஓய்ந்த பின் பார்ப்பதே அதிலும் முக்கியம். ஆரோக்கியமான குஞ்சு மட்டமாக நின்று, செட்டைகளைத் தளர விரித்துச் சிறிதாக அசைத்துக் கொண்டிருக்கும். செட்டைகளை உடலோடு இறுக ஒட்டி மடக்கிக் கொண்டு, தலை கீழாகவோ ஒரு பக்கம் சாய்ந்தோ நிற்பது நோயின் அல்லது களைப்பின் அடையாளம். வாலை உதறி ஓடும் வேகத்தை மாத்திரம் பார்த்து ஏமாறலாகாது. பயந்த குஞ்சு, சாகும் குஞ்சாயினும், ஒரு முறை வேகமாக ஓடும்.

செட்டையின் ஓரம் கந்தல் துணி போல் கிழிந்தும் வெண்மை படர்ந்தும் இருப்பின் அது செட்டை அழுகல். ஒன்றிரண்டு குஞ்சுகளில் ஒரு செட்டை குறைந்திருப்பது பற்றிக் கவலை வேண்டாம். மீன் ஆராய்ச்சியாளர்கள் அடையாளத்திற்காக ஒரு பக்கத்து வயிற்றுச் செட்டையை நறுக்கி விடுவது உண்டு. மீன் மற்றச் செட்டைகளைக் கொண்டு சமாளித்து வாழ்கிறது. ஆனால் பத்தில் மூன்று நான்கு குஞ்சுகளுக்குச் செட்டை சிதைந்திருப்பின், முரட்டு வலையும் முரட்டுக் கையும் பட்டவை அவை; விலை குறைவு என்பதற்காக வாங்குவது நஷ்டத்தில் முடியும். மீன்பேனும் நங்கூரப் புழுவும் பெரும்பாலும் செட்டையின் அடியிலேயே பற்றுகின்றன. எனவே வளர்ந்த மீனைச் சோதிக்கையில் வயிற்றுச் செட்டையைத் தூக்கி அதன் அடியைப் பார்ப்பது அவசியம். முதுகைப் பார்த்து மீன் நன்றாயிருப்பதாகச் சொல்லிவிடும் வழக்கத்தை விட வேண்டும்.

பையில் வந்த குஞ்சுகளை உடனே கொட்டி விடுவதும் பெருந்தவறு. பையைக் கட்டு அவிழ்க்காமலேயே கண்மாய் நீரில் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, வெப்பம் சமமான பின் கண்மாய் நீரைச் சிறிது சிறிதாகப் பையினுட் சேர்த்து, குஞ்சுகள் தாமே வெளியேறும்படி விட வேண்டும். 100 லிட்டர் நீருக்கு 2 முதல் 3 கிலோ கறியுப்பு வீதம் கரைத்து, அதில் ஓரிரு நிமிஷம் வைத்து எடுத்துப் பின் விடுவது ஒட்டுண்ணிகளுக்கு நல்ல தடை. உப்பு நீரில் குஞ்சு சாயத் தொடங்கினால் நேரம் ஆகவில்லை என்று பார்த்திருக்காமல் உடனே எடுத்துவிட வேண்டும். விராலும் குறவையும் மலிந்த கண்மாய்க்குச் சிறு குஞ்சு உதவாது. விரல் நீளத்திற்கு மேல் வளர்ந்த விரலிகளையே விட வேண்டும்.

1988 இல் இந்தியாவின் வடகிழக்குப் பகுதியில் தோன்றிப் பின்னர் தென்னாடு வரை பரவிய புண் நோயைப் பழைய குத்தகைதாரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். விராலை அது கடுமையாகத் தாக்கியது. ஒரு வகை நீர்ப்பூசணத்தால் வரும் அந்நோய் மழை ஓய்ந்து குளிர் தொடங்கும் பருவத்தில் தலைகாட்டுவது வழக்கமாகையால், மார்கழி தை மாதங்களில் ஓரத்தில் சோர்ந்து நிற்கும் மீன்களைப் பிடித்துப் பார்ப்பதும், சிவந்த புள்ளிகள் தென்பட்டால் மீன்துறை அலுவலருக்குத் தெரிவித்துச் சுண்ணாம்பு இடுவதும் தாமதமின்றிச் செய்யத்தக்கவை.

விடியற்காலையில் மீன்கள் நீர்மட்டத்தில் வாய் திறந்து நிற்பது பிராணவாயுக் குறைவினால். இரவு முழுவதும் பாசியும் சுவாசிப்பதால் விடியும் முன்னரே நீரில் பிராணவாயு மிகக் குறைந்துவிடுகிறது. அப்போது கெண்டையின் செட்டைகளைப் பார்த்தால், வழக்கமான மெல்லிய அசைவு மாறி, உடலை மேல்நோக்கிச் சாய்த்து நிறுத்துவதற்காக அவை பரபரப்பாக அடித்துக் கொள்வது தெரியும். நின்ற இடத்திலேயே மீன் தன் பலத்தைச் செலவிடுகிறது. அந்நாட்களில் தவிடும் சாணமும் இடுவதை நிறுத்திப் புது நீர் பாய்ச்சுவதே வழி. விரால், பனையேறி, தேளி ஆகியவை காற்றை நேரே சுவாசிக்க வல்லவையாதலால் அவை பிழைத்திருப்பதைக் கொண்டு நீர் நன்றாயிருக்கிறது என்று கருதக் கூடாது.

கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கலிங்கு வழியும் காலத்தில், விட்ட குஞ்சுகள் வெளியேறாதிருக்கக் குத்தகைதாரர்கள் மூங்கில் தட்டியோ கம்பி வலையோ கட்டுகின்றனர். பெருங்கெண்டைக்கு உளுவையைப் போல ஒட்டி நிற்கும் கிண்ணம் கிடையாது. இழுப்பில் அகப்பட்டால் செட்டைகளை மடக்கிக் கொண்டு எதிர்நீச்சலிடும், அல்லது நீரோடு போய்விடும். ஆகவே அடைப்பு வேண்டியதே. ஆனால் செத்தையும் பாசியும் அடைத்துக் கொண்ட வலை, மீனோடு நீரையும் தடுத்து, கரைக்கே ஆபத்தாக முடியும். தட்டியின் இடைவெளி விரலியின் உடற்பருமனுக்குச் சிறிது குறைவாக இருந்தால் போதும். அதற்கு மேல் நெருக்கமாகக் கட்டுவதை ஊர் அம்பலகாரரும் ஆயக்கட்டுதாரரும் அனுமதிக்கலாகாது. கனமழை நாட்களில் இரவிலும் ஓர் ஆள் கலிங்கில் இருந்து செத்தையை அகற்ற வேண்டும். அந்த ஆளின் கூலி குத்தகைதாரரைச் சேர்ந்ததா, ஆயக்கட்டுதாரரைச் சேர்ந்ததா என்பதைக் கலிங்கு வழியத் தொடங்கிய பின் பேசாமல், குத்தகை ஏலத்தின் போதே எழுதி வைத்துக் கொள்வது நலம்.